கழுத்து காயும் வரை

ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த மாவட்டத்தில் மட்டும் சில லட்சம் பேர் இருப்பார்கள். அவர்களில் பட்டம் பெற்றவர்களும் உண்டு, பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்களும் உண்டு என்பதை மிகுந்த வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். திமிலில் இருப்பது கொழுப்பு. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. என் ஒட்டகத்தின் திமிலில் மட்டும் கைப்பிடி போன ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. அதில் தண்ணீர் இல்லை என்பதை நானே கவிழ்த்துப் பார்த்து உறுதி செய்திருக்கிறேன். இப்போது மணி பதினொன்று பத்து. எங்கள் வீட்டு முன்னறையில் நான் ஒரு காகித ஒட்டகத்தின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இடது கை அதன் தாடைக்குக் கீழே. வலது கை கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில். அதன் மோவாய் என் தோளில். தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாங்கள் ரயிலடியில் பிரியப்போகும் நெருங்கிய உறவினர்கள் போலத் தெரிவோம். உண்மையில் பசை காய்கிறது, அவ்வளவுதான். பத்து மணிக்கே எல்லாம் முடிந்திருந்தது. கண்ணிமை ஒட்டிக்கொண்டிருந்தேன், கழுத்துக்குள் எலும்பாக வைத்த எட்டுக் குடைக்கம்பியில் ஒன்று விடுபட்டது, கழுத்து மெதுவாக, பிரசங்கத்தில் தூங்கும் பெரியவரைப் போலக் குனிந்தது. நிமிர்த்தினேன், துணிப் பட்டையில் பசை தோய்த்துச் சுற்றினேன், அதன்மேல் அட்டைகளை ஒட்டினேன், இனிக் காயும் வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். டப்பாவில் நாற்பது நிமிடம் என்று போட்டிருக்கிறது. அதை எழுதியவர் எந்த ஊரோ, அங்கே டிசம்பரில் காற்று எவ்வளவு ஈரமோ, ஆகவே நான் அதை ஒரு மணி நேரம் என்று திருத்திவிட்டேன். கயிறு போட்டுக் கட்டலாமே என்று யாருக்கும் தோன்றும். ஈரக் காகிதத்தில் கயிறு அறுக்கும். முட்டுக் கொடுக்கலாமே என்றால், கோணம் அரை அங்குலம் மாறினாலும் ஒட்டகம் தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவது போல ஆகிவிடும். மனிதக் கையைப் போல முட்டு இல்லை. மனிதக் கையின் ஒரே குறை அது மனிதனோடு சேர்ந்திருப்பது. மனிதனுக்கு மூக்கு அரிக்கும். மணி பதினொன்று பன்னிரண்டு.

நாலு மணிக்கு மினி லாரி வரும். கோயில் முகப்பில் கிறிஸ்துமஸ் குடில் கட்டியாயிற்று, மலை, ஓலைக்கூரை, வைக்கோல் எல்லாம் தயார், ஒட்டகம் ஒன்றுதான் பாக்கி. வாசல் ஆறடி எட்டங்குலம், ஒட்டகம் ஆறடி இரண்டு. மூன்று தடவை அளந்தாயிற்று. வயிறு ஒரு கோழிக்கூடை. கால்கள் குளியலறை வேலையில் மிச்சமான பைப்புகள், முட்டிக்குத் தேங்காய்ச் சிரட்டை. ஒட்டகத்தின் முட்டி சிரட்டையைப் பார்த்துத்தான் படைக்கப்பட்டது என்று நான் நினைக்கிறேன், இதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் ஒருவரும் மறுக்கவும் இல்லை. உதடு என் மனைவி டெல்பினுடைய தேய்ந்த ரப்பர் செருப்பு. இமை பழைய பல்துலக்கும் பிரஷ். பிடரிக்குத் தேங்காய் நார்த் தும்பு. தலை ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், இன்னும் கடலை எண்ணெய் வாசம் போகவில்லை, இந்த ஒட்டகம் பாலைவனம் கடந்து வந்ததாகச் சொன்னால் பஜ்ஜிக் கடை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். தோல்தான் என் பெருமை. மாவட்ட நூலகத்தில் முப்பத்தோரு வருடம் அட்டவணைப் பிரிவில் இருந்தேன். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனபோது எட்டாயிரம் அட்டைகளை எடைக்குப் போட இருந்தார்கள், நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ‘எதுக்காக்கும்?’ என்று டெல்பின் கேட்டாள். அப்போது பதில் இல்லை. இப்போது இருக்கிறது. மஞ்சளும் பழுப்புமாக, மூலையில் துளையோடு, அடுக்கடுக்காக ஒட்டினால் அது அப்படியே வெயிலில் காய்ந்த ஒட்டகத்தோல். சும்மா கிடந்தபோது இவை தகவல். ஒட்டகமான பிறகுதான் மனிதர்கள் நின்று வாசிக்கிறார்கள். என் மூக்குக்கு நேராக இருக்கும் அட்டையில் என் கையெழுத்தே இருக்கிறது: ‘கழுத்து வலி. காண்க: முதுகெலும்பு.’ காண்கிறேன். ஒட்டகத்தின் கழுத்தில் எலும்பு ஏழு. என் கழுத்திலும் ஏழு. பக்கத்து வீட்டு மிக்கேலம்மாவின் ஆட்டின் கழுத்திலும் ஏழு. இதையும் யாரும் நம்புவதில்லை. நீளம் கூடினால் எண்ணிக்கை கூட வேண்டும் என்று மனிதனுக்கு ஒரு பிடிவாதம். என் ஏழில் நாலாவது இப்போது தனியாகப் பேசத் தொடங்கியிருக்கிறது. பதினொன்று இருபது. கால் மாற்றிக்கொள்ளலாமா? மாற்றினால் தோள் இறங்கும், தோள் இறங்கினால் மோவாய் இறங்கும். வேண்டாம். இந்தக் கால் பிறகு வேண்டுமானால் திரும்பி வரட்டும்.

நிற்க வேண்டும். இது நின்றே ஆக வேண்டும். எங்கள் தெருவில் வீட்டுக்கு நம்பர் உண்டு, ஒருவரும் சொல்வதில்லை. ரெட்டைச் சைக்கிள் வீடு, சங்குக்காரர் வீடு, லேட்டு வீடு. லேட்டு வீட்டில் ஒருவர் தன் கல்யாணத்துக்கே முக்கால் மணி நேரம் பிந்தி வந்தாராம். அவர் பேரன் இன்று பாங்கில் வேலை, ஒன்பதரைக்குத் திறக்கும் பாங்குக்கு ஒன்பது மணிக்குப் போய் நிற்கிறான், அவனும் லேட்டுதான். பெயர் சொத்து மாதிரி இறங்கும், ஆனால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க முடியாது. ஞானஸ்நானத்தில் எனக்குக் கொடுத்த பெயர் இன்னாசிமுத்து. மூன்று வருடமாக என் பெயர் மாட்டுத்தலை. அந்த வருடம் குடிலுக்கு நான் ஒரு மாடு செய்தேன், நல்ல மாடு, வைக்கோலும் காகிதமும் மைதாப் பசையும், படுத்து அசை போடுகிற பாவனை. கிறிஸ்துமஸ் காலைப் பூசையில், சரியாகப் பிரசங்கத்தின் நடுவில், தலை கழன்று, முகப்பின் மூன்று படியிலும் ஒவ்வொன்றாக இறங்கி, வாசலில் நின்ற கடலை வண்டிக்காரரின் காலடியில் போய்க் கண்ணைத் திறந்துகொண்டு படுத்தது. அவர் அதைத் தூக்கிப் பிடித்து, ‘இது யாருக்க மாடு?’ என்று கேட்டார். கோயில் அமைதியாக இருந்தது, சாமியாரும் நிறுத்தியிருந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து மிக்கேலம்மா தெளிவாகச் சொன்னாள், ‘நம்ம டெல்பினுக்க வீட்டுக்காரருக்க மாடு.’ அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. தலை விழவில்லை என்பதை நான் மூன்று வருடமாகச் சொல்லி வருகிறேன். கழுத்து தின்னப்பட்டது. மிக்கேலம்மாவின் ஆடு லில்லி பின்பக்கமாக வந்து, பெயிண்ட் படாத இடமாகப் பார்த்து, மைதாப் பசைக்காகக் கழுத்தை முழுக்கத் தின்று முடித்திருந்தது. என் கட்டுமானத்தில் பிழை இல்லை, ருசியில்தான் இருந்தது. யார் கேட்கிறார்கள்? இப்போது என் மருமகள் மாசமாக இருக்கிறாள், பிப்ரவரியில் தேதி. அந்தப் பிள்ளை பிறந்த அன்றே தெருமுனைக் கடையில் ‘மாட்டுத்தலைக்குப் பேரப்பிள்ள’ என்று சொல்வார்கள். அது வளர்ந்து, படித்து, ஒருவேளை கப்பல் கட்டினாலும் மாட்டுத்தலைதான். அதற்கு முன்னால் ஒரு தலை, ஒரே ஒரு தலை, இந்தத் தெருவின் கண் முன்னால் கழுத்தின் மேல் நின்று காட்ட வேண்டும். கிறிஸ்துமஸ் தொடங்கி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை, பதின்மூன்று நாள். நிற்குமா? நிற்கும். அந்தக் குடைக்கம்பி ஏன் விடுபட்டது? எட்டுக் கம்பியில் ஒன்றுதானே. ஒன்றுதான், ஆனால் அது ஏன் விடுபட்டது?

‘டெல்பினு.’ ஜன்னல் கம்பிக்கு வெளியே மிக்கேலம்மா. கையில் எங்கள் இட்லிச் சட்டி, திருப்பித் தர வந்திருக்கிறாள். ‘டியூட்டிக்குப் போயிருக்கா,’ என்றேன், தலையைத் திருப்பாமல். டெல்பின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ், சனிக்கிழமை அரைநாள். மிக்கேலம்மா சட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பிறகு, ‘அண்ணே, எதுக்காக்கும் அதக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கிய?’ ‘பசை காயுது.’ ‘ஓ. நான் ஏதோ துக்கமாக்கும்னு நெனச்சேன். குதிரயா?’ ‘ஒட்டகம்.’ ‘ஆமா, கூனு இருக்கு. தண்ணி வச்சிருக்கியளா உள்ள?’ இதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ‘திமில்ல தண்ணி கிடையாது மிக்கேலம்மா. கொழுப்பு.’ ‘தண்ணிதான். எனக்க மவன் துபாய்ல இருக்கான், அவன் நேருல பாத்திருக்கான்.’ ‘கூனுக்க உள்ளயா பாத்தான்?’ ‘வெளிய நின்னு பாத்தாத் தெரியாதாக்கும்?’ என்னிடம் இதற்கு மறுப்பு இருந்தது, மறுப்பு சொல்லும்போது எனக்குக் கை ஆடும் என்பதால் விழுங்கினேன். ‘இந்தத் தடவ தல நிக்குமா அண்ணே?’ ‘போன தடவயும் நின்னுது. ஒனக்க ஆடுதான் தின்னுது.’ ‘எனக்க லில்லி பச்சப் பிள்ள. மாட்டுக்கு ஒழுங்காக் கழுத்து வச்சிருந்தா அது எதுக்குத் திங்கப் போவுது?’ ‘இந்தத் தடவ பசையில சென்னிநாயகம் கலந்திருக்கேன்.’ அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சென்னிநாயகம் என்பது பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கத் தாய்மார் தடவுகிற கசப்பு. நாட்டுமருந்துக் கடையில் கேட்டபோது கடைக்காரர் என்னையும் என் வயதையும் பார்த்து, ‘யாருக்கு?’ என்றார், ஒட்டகத்துக்கு என்றேன், அவர் பொட்டலம் கட்டும்வரை வேறெதுவும் கேட்கவில்லை. ‘நான் வேணும்னா உள்ள வந்து ஒரு பக்கம் பிடிக்கட்டா?’ என்றாள் மிக்கேலம்மா. நல்ல மனசோடுதான் கேட்டாள். வேண்டாம், மூன்றாவது கை சேர்ந்தால் கோணம் மாறும் என்றேன். ‘செரி, அழாதிய,’ என்று சொல்லிவிட்டு, இட்லிச் சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பதினொன்று முப்பத்தைந்து. உள்ளே மேஜை மேல் போன் அடிக்கிறது. மகனாகத்தான் இருக்கும். அடித்து ஓய்கிறது. மருமகளுக்கு முன்கூட்டியே வலி எடுத்துவிட்டதோ? இல்லை, டிசம்பர்தான் ஆகிறது. சனிக்கிழமை சும்மா கூப்பிடுவான். சும்மாதான். இன்னொரு தடவை அடித்தால் கழுத்தை விட்டுவிட்டு ஓடுவேன் என்று முடிவு செய்தேன், முடிவு செய்து காத்திருந்தேன், அடிக்கவில்லை. ஒரு மனிதனுக்கு இவ்வளவு நிம்மதியும் ஒரே நிமிடத்தில் வரக்கூடாது.

நிக்குமா என்றாளே, அந்தச் சொல் போகமாட்டேன் என்கிறது. நான் செய்தது எது நின்றிருக்கிறது? கல்யாணமான வருடம் சிரட்டையில் ஒரு விளக்கு செய்தேன், நல்ல வெளிச்சம், சிரட்டையே எரிந்ததால் வந்த வெளிச்சம். பால் கவரில் மழைக்கோட்டு செய்தேன், டெல்பின் அதைப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனாள், பாதி வழியில் தோள் விட்டுப்போய் நனைந்து வந்து நின்றாள், ‘ஒரு கிலோமீட்டர் தாங்கிச்சு கேட்டியளா,’ என்றாள், ஏதோ நான் பாலம் கட்டியது போல. பழைய ரேடியோப் பெட்டியில் குருவிக்கூடு, குருவி வரவில்லை, குளவி வந்தது. சைக்கிள் டயரில் நாற்காலி, அதைப் பற்றி விரிவாகப் பேச விரும்பவில்லை. என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும், செய்யும்போது நான் ஒருநாளும் வருத்தமாக இருந்ததில்லை. வாளி வாளியாகக் கிடக்கும்போது அதைப் பார்க்கிறேன், திடீரென்று அது திமிலாகத் தெரிகிறது, அந்த ஒரு நொடிக்கு மார்பில் ஒரு குளிர்ச்சி, அது பஸ்ஸில் வந்தாலும் வரும், பூசையில் வந்தாலும் வரும். அதற்குப் பிறகு வரும் விழுவதும் எரிவதும் எல்லாம் அந்த நொடிக்குக் கொடுக்கும் வட்டி. ஆனால் அந்த வட்டியை டெல்பினும் சேர்ந்தல்லவா கட்டியிருக்கிறாள்? பாதி ஊருக்கு ஊசி போட்டவள், அவளையும் மாட்டுத்தலை நர்ஸ் என்றுதானே சொல்கிறார்கள். அவள் சிரிக்கிறாள். சிரிப்பது பிடித்துச் சிரிப்பதா, எனக்காகச் சிரிப்பதா? இன்று காலையில் போகும்போதுகூட, ‘சட்டையக் கழத்திப் போட்டுச் செய்யுங்க,’ என்றாள். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன், முப்பத்தோரு வருடப் பழக்கம், அட்டவணைப் பிரிவில் கை மடித்தவன் எவனும் உருப்பட்டதில்லை என்றேன். மோவாய் கனக்கிறது. தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தால் தோளுக்குச் சுகமாக இருக்கும். சாய்த்தேன். அப்போதுதான் பார்த்தேன். இந்த வீட்டில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன், இப்படித் தலையைச் சாய்த்து, இந்த மூலையிலிருந்து, பீரோவின் மேல்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டுமானால் ஒட்டகம் வேண்டும். சூட்கேஸுக்குப் பின்னால், ஒரு பழைய வெள்ளைச் சேலையில் சுற்றி, பெரியதாக ஏதோ. சேலைக்கு வெளியே ஒரு காது. கறுப்புத் தோல் காது, மடிப்பில் தையல் விட்டது. என் பழைய மணிபர்ஸை வெட்டி மாட்டுக்கு நான் செய்த காது. எரித்தாயிற்று என்று டெல்பின் சொன்ன காது. மணி பார்க்க மறந்துவிட்டேன்.

‘ஐயோ சாமி, இன்னும் அது நிக்கிதா இல்ல நீங்க நிக்கியளா?’ டெல்பின், கையில் இட்லிச் சட்டியோடு. பையை வைத்தாள், கையைக் கழுவினாள், எந்த வேலைக்கும் முன்னால் கை கழுவுவாள். ‘எப்பம் ஒட்டினிய?’ ‘பதினொண்ணு பத்து.’ ‘மணி ஒண்ணாவுது.’ நான் நம்பவில்லை, கடிகாரத்தைக் காட்டினாள். ‘விடுங்க.’ ‘விட்டா விழும்.’ ‘விழுந்தா விழுது. சோறு திங்கணும்லா?’ ‘டெல்பின், அந்தத் தலைய எரிச்சாச்சுன்னு சொன்னியே.’ ‘எந்தத் தல?’ ‘பீரோவுக்க மேல இருக்கது.’ அவள் திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், திருடும்போது அகப்பட்ட சிறுமி போல முகம். ‘எரிக்கத்தான் பின்னால கொண்டு போனேன். தீப்பெட்டிய எடுத்த பொறவு பாத்தா, அது என்னயே பாக்குது. அந்தக் கண்ணு நீங்க எதுலயாக்கும் செஞ்சது?’ ‘இருமல் மருந்து மூடி.’ ‘அதான். பாவமாட்டு இருந்துது. ஆசுபத்திரியில ஊசிக்கு முந்தி பிள்ள பாக்குத மாதிரி. மனசு வரல்ல.’ ‘மூணு வருசமா?’ ‘அது பாட்டுக்கு அங்கதான இருக்கு, சோறா கேக்குது?’ பிறகு, ‘நல்ல மாடாக்கும் அது,’ என்றாள், சட்டியைத் துடைத்துக்கொண்டே. நான் ஒட்டகத்தின் கழுத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் கிட்டே வந்து கழுத்து சேரும் இடத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள், நாடி பார்ப்பது போல. ‘காஞ்சு கல்லாட்டு இருக்கு. இது எப்பமோ ஒட்டியாச்சு.’ என் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். மோவாய் தோளிலிருந்து எழுந்தது, இல்லை, நான்தான் கீழே இறங்கினேன். தலை அங்கேயே நின்றது. பிரஷ் இமைக்குக் கீழிருந்து, செருப்பு உதட்டை லேசாகப் பிதுக்கிக்கொண்டு, எங்களுக்கு மேலே எதையோ பார்த்தபடி, மாட்டை விட நூறு மடங்கு திமிரோடு நின்றது. நான் மகிழ்ச்சியில் இரண்டடி பின்வாங்கினேன். ஒட்டகமும் கூடவே வந்தது.

வலது கைச் சட்டை மணிக்கட்டோடு துணிப் பட்டைக்கு அடியில் போய் ஒட்டியிருந்தது. இழுத்துப் பார்த்தோம், சட்டை வரவில்லை, ஒட்டகம்தான் வந்தது. நாலு கால்களும் தரையைக் கீறிக்கொண்டு வந்தன, கழுத்து ஒரு நூல் அளவும் அசையவில்லை, என் வாழ்நாளில் நான் போட்ட மிகச் சிறந்த ஒட்டு. டெல்பின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நின்றால் மறுபடி ஒட்டகத்தின் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி தொடங்கும். இது எனக்காகச் சிரிப்பதில்லை, எனக்கு நன்றாகத் தெரியும், ஒருவருக்காக இன்னொருவர் இப்படி மூச்சு முட்ட முடியாது. ‘சட்டையக் கழத்தச் சொன்னேன்லா,’ என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு பையிலிருந்து பஞ்சு வெட்டுகிற கத்திரியை எடுத்து என் முழங்கைக்குக் கீழே சுற்றி வெட்டினாள். நீலக் கட்டம் போட்ட நாலு அங்குலத் துணியும் ஒரு வெள்ளைப் பட்டனும் ஒட்டகத்தின் கழுத்தடியில் நின்றுவிட்டன. ‘அதுக்க மேல ரெண்டு அட்டை ஒட்டிருதேன்,’ என்றேன். ‘வேண்டாம். இன்னொருக்க ஒட்டப் போனிய, வேட்டியும் போயிரும்.’ நாலு மணிக்கு மினி லாரி வந்தது. பையன்கள் தூக்கும்போது கழுத்தைப் பிடித்தே தூக்கினார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டேன், திறந்தபோது ஒட்டகம் வண்டியில் இருந்தது, ஒரு கை போன சட்டையோடு நான் வாசலில் இருந்தேன்.

பதின்மூன்று நாளும் தலை நின்றது. லில்லி இரண்டாம் நாள் ஒருமுறை நக்கியது, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு சிறிது நேரம் யோசித்தது, குடில் பக்கம் அதன்பிறகு வரவில்லை. பூசை முடிந்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்று அந்தப் பட்டனை ஒவ்வொருவராக அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிப்ரவரி ஒன்பதாம் தேதி என் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் நலம். அன்று மத்தியானமே மிக்கேலம்மா தெருமுனைக் கடையில் சர்க்கரை வாங்கும்போது எல்லாருக்கும் சொன்னாளாம்: ‘பட்டன் வீட்டுல பொம்பளப்பிள்ள.’